நாற்பதும் நாற்பத்தேழும்

மோட்டார் சைக்கிள் மீட்டர் உண்மை பேசாது. பேசக் கூடாது என்பதுதான் விதி. முள் நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், மயிரிழைகூடக் குறைத்துக் காட்டக் கூடாது. அறுபது என்று முள் சொன்னால் ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோதான் போய்க்கொண்டிருப்போம். ஓட்டுகிறவன் நன்மைக்காகச் சொல்லப்படும் பொய் அது.

போன மாதம் பழைய சிநேகத்தில் எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. கம்பெனி பேர் எதற்கு, விடுங்கள். அங்கே இரண்டு மெக்கானிக்குகள் ஹேண்டில்பாரில் செல்போனைக் கட்டிக்கொண்டு போய் வந்து, ஏதோ திருடனைப் பிடித்துவிட்டது போல என்னிடம் நின்றார்கள்.

"அண்ணே, மீட்டர்ல அறுவது, போன்ல அம்பத்தாறு. மீட்டரு டுபாக்கூருண்ணே. இதத்தான் இருவது வருசமா செக் பண்ணிக்கினு இருந்தியா?"

"முள்ளு கூட காட்டினா உங்களுக்கு இன்னா நஷ்டம்? கொறச்சி காட்டினா இன்னா ஆவும்னு தெரியுமா?" என்றேன்.

தெரியாது என்றார்கள். எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. என் நைனா ஊர் நிலங்களில் கூலி வேலை செய்தார். பத்தாவதில் கணக்கில் மட்டும் தேறினேன். மற்ற பாடங்கள் என்னை வேண்டாம் என்றன, நானும் அவற்றை வற்புறுத்தவில்லை. சைக்கிள் கடையில் பஞ்சர், பிறகு ஒரு ஒர்க் ஷாப்பில் வாட்டர் வாஷ், பிறகு ஸ்பேனர். சர்வீஸ் சென்டர் திறந்தபோது உள்ளே போனவன், ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தேன். கடைசி இருபது வருடங்களுக்கு மேல் என் வேலை ஒன்றுதான்: சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு வண்டியையும் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது. மீட்டர் பற்றிய புகார் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

முதன்முதலில் ஒரு மீட்டரைத் திறந்து பார்த்த நாளை நான் மறக்கவில்லை. முன்சக்கரத்திலிருந்து கேபிள் வருகிறது, அது உள்ளே ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின் மேலே அலுமினியத்தில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தோடு சேர்ந்தது முள். சரி, காந்தம் கிண்ணத்தைத் தள்ளுகிறது என்று நினைத்து உற்றுப் பார்த்தேன். இரண்டும் தொடவே இல்லை. நடுவில் காற்றுதான் இருக்கிறது. அதுவும், அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் காந்தம் சுற்றினால், கிண்ணம் தானும் கூடப் போகிறேன் என்று திரும்புகிறது. அதைப் போகவிடாமல் தலைமுடி போன்ற ஒரு சுருள்கம்பி பின்னால் பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் நம் வேகம். கையால் காந்தத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன். தொடாமலே ஒன்று இன்னொன்றுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறதே என்ற அந்த வியப்பு இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

முள் சரியா என்று பார்க்க நான் வைத்திருந்த வழி மிக எளிது. செஞ்சிக் கோட்டையைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் அடுத்தடுத்து இரண்டு கிலோமீட்டர் கற்கள். முதலில் டயர் காற்றை கேஜ் வைத்துப் பார்ப்பேன். காற்று குறைந்தால் சக்கரம் சின்னதாகி, முள் அதிகம் காட்டும். கோட்டைவரை ஓட்டி வண்டியைச் சூடாக்குவேன். முதல் கல்லுக்கு வெகு முன்னாலேயே முள்ளை நாற்பதில் நிறுத்திவிடுவேன். கல் என் முழங்காலைத் தாண்டும்போது கழுத்தில் தொங்கும் ஸ்டாப் வாட்ச்சை ஒரு அமுக்கு, அடுத்த கல் முழங்காலைத் தாண்டும்போது இன்னொரு அமுக்கு. நிஜமாகவே நாற்பது என்றால் தொண்ணூறு வினாடி ஆகவேண்டும். தொண்ணூற்றாறு ஆனால் நிஜ வேகம் முப்பத்தேழரை. மூவாயிரத்து அறுநூறை வினாடியால் வகுத்தால் விடை. கணக்கில் மட்டும் தேறியவனுக்கு வேறென்ன வேண்டும்? மலை பார்த்துக்கொண்டிருக்க, போகவும் வரவும் வகுத்துக்கொண்டே இருப்பேன்.

முள் எல்லை மீறிக் காட்டினால் மீட்டரைத் திறந்து, சுருள்கம்பியின் பிடியை இடுக்கியால் ஒரு நூல் நகர்த்துவேன். நிஜம் நாற்பது என்றால் முள் நாற்பத்தொன்றில் நிற்கும்படி வைப்பேன். ஒன்று கூட இருக்கட்டும் என்பது எங்கள் சர்வீஸ் மேனேஜர் கல்பனா மேடம் வைத்த சட்டம்.

மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு நாற்பதுக்கு மேல். இந்தப் பெண் நம்மை என்ன வேலை வாங்கப் போகிறது என்று மீசைக்குள் சிரித்தவர்களில் நானும் ஒருவன். முதல் நாள், ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து வந்து, "நல்லா இருக்குது மேடம்" என்றேன்.

"நல்லான்னா எவ்வளவு அண்ணா?" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் ஒர்க் ஷாப்பில் 'சுமாரா', 'ஏறக்குறைய' என்ற சொற்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. பிரேக் பிடிக்குது என்றால் எவ்வளவு தூரத்தில் என்பார். சத்தம் வருது என்றால் எந்த வேகத்தில் என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் காதில் சொருகிய பென்சிலை எடுத்து, மெதுவாகச் சீவ ஆரம்பிப்பார். அந்தச் சீவல் மேஜையில் விழுகிற சத்தத்துக்கு நாங்கள் பயந்தது போல எந்த முதலாளியின் அதட்டலுக்கும் பயந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு மேடம் பிரசவ விடுப்பில் போனார். அவர் இடத்தில் வந்தவர் போனை விட்டுக் கண்ணை எடுக்காதவர். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில் கோட்டை தாண்டிய ரோட்டில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். கூடவே ஒரு வளைவையும் கொஞ்சம் நிமிர்த்தினார்கள். வேலை முடிந்து நான் மறுபடி போனபோது, என் இரண்டாவது கல் பழைய இடத்தில் இல்லை. தள்ளிப் போய் நின்றது. நானும் வண்டியை நிறுத்தி யோசித்தேன். வளைவை நிமிர்த்தினால் ரோட்டின் நீளம் குறையும், அப்போது ஒரு கிலோமீட்டர் முடிகிற இடம் முன்னால் தள்ளித்தான் போகும், அளந்துதான் வைத்திருப்பார்கள் என்று முடிவு செய்தேன். கணக்கில் தேறியவன் அல்லவா? எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிறவர் விடுப்பில் இருந்தார்.

கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. ரோடு வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் ரோடுதான் ஆயுதம். வழக்கம்போல வழியில் நின்ற கற்களுக்கெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். என் இரண்டாவது கல்லும் மாலையும் பொட்டுமாக நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினேன். பொட்டு வைத்த கல் பொய் சொல்லுமா?

அதன் பிறகு, புகாரோடு வந்த எல்லா மீட்டரும் அநியாயத்துக்கு அதிகம் காட்டுவதாக எனக்குத் தெரிந்தது. முள் நாற்பதில் இருக்கும், என் கணக்கில் நிஜ வேகம் முப்பத்தொன்று வரும். இப்போதெல்லாம் என்னத்த மீட்டர் செய்கிறான் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு முள்ளையும் இறக்கி வைத்தேன். ஊரே கோணல், நான் மட்டும் நேர். அப்படித்தான் நினைத்தேன்.

இறக்கி வைத்தவற்றில் ஒன்று தொண்டூர் பாலுவின் வண்டி. பாலு பள்ளிக்கூட வேன் டிரைவர். வீட்டுக்கும் பள்ளிக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வருவான். அவன் பள்ளித் தாளாளர் கண்டிப்பானவர். தன் டிரைவர்கள் வேனிலானாலும் சொந்த வண்டியிலானாலும் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது அவர் கட்டளை. பாலு அதை வேதம் போலப் பிடித்துக்கொண்டவன்.

"அண்ணே, நாப்பதுன்னா கரெக்ட்டா நாப்பதா இருக்கணும். நீ முள்ள வெச்சி குடுத்துடு, நானு பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் வண்டியை விட்டுப் போனான்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், வைக்கோல் ஏற்றி நின்ற டிராக்டருக்குப் பின்னாலிருந்து தளவானூர் கோவிந்தன் மேஸ்திரி ரோட்டைக் கடக்க இறங்கினார். கொத்தனார், செஞ்சியில் பாதி வீடுகளில் அவர் கை பட்டிருக்கும். பாலு பார்த்தான், பிரேக் பிடித்தான், கிட்டத்தட்ட நிறுத்தியும் விட்டான். கடைசி இரண்டு முழத்தில் வண்டி மேஸ்திரியைத் தட்டிவிட்டது. அவர் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

பாலுதான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தாளாளரிடமும் அவனே போய்ச் சொன்னான். "சார், நாப்பதுலதான் வந்தேன். முள்ள பாத்துக்கினுதான் வந்தேன்" என்றான். தாளாளர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பள்ளி டிரைவர்களுக்குக் கொடுத்திருந்த போன், அவர்கள் எங்கே எவ்வளவு வேகத்தில் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருக்குமாம். அது பாலுவின் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. நாற்பத்தேழு என்று குறித்திருந்தது.

பாலு மீட்டர் மேல் சத்தியம் செய்தான். தாளாளர் நியாயமானவர், உடனே எனக்குப் போன் செய்து கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

"சார், போன் எப்படியோ எனக்குத் தெரியாது. நானு வெச்ச முள்ளு தப்பாது."

அந்த ஒரு வாக்கியத்தில் பாலு பொய்யன் ஆகிவிட்டான். "வேகமாப் போனத மன்னிச்சிடலாம். கண்ணப் பாத்து பொய் சொல்றவன் கையில புள்ளைங்கள எப்படிக் குடுக்கறது? மாசக் கடைசிவரைக்கும் பாக்கறேன், அப்புறம் வேற ஆளு" என்று சொல்லி வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். பாலு ஒர்க் ஷாப்புக்கு வந்து என் முன்னால் நின்றான்.

"நானு பொய் சொல்லலண்ணே" என்றான்.

"போன்ல இருக்குதேப்பா" என்றேன். அவன் போய்விட்டான். அன்று அவன் முகத்தைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லையே என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை மேடம் வேலைக்குத் திரும்பினார். காபிகூடக் குடிக்காமல் ஆறு மாத ஜாப் கார்டுகளை வரிசையாக அடுக்கினார். ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். மேஜையில் பென்சில் சீவல் கிடந்தது.

"அண்ணா, நான் போறதுக்கு முன்னாடி மீட்டர் கம்ப்ளெயின்ட்ல பத்துல ஒண்ணுதான் நீங்க தொறந்து வெச்சது. அப்புறம் வந்த பதினேழுல பதினேழும் தொறந்திருக்கீங்க."

"எல்லாம் தப்பா வந்துது மேடம்."

"பதினேழு வண்டி தப்பா, ஒரு கல்லு தப்பா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லில் பொட்டு இருக்கிறது, மாலை இருக்கிறது, ரோட்டை நிமிர்த்தினார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கல்லு எவ்வளவு?" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வண்டி நடமாட்டம் கூடும் முன், முப்பது மீட்டர் இரும்பு டேப்போடு முதல் கல்லருகே நின்றோம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மேடம் வந்திருந்தார். ரோட்டோரமாக டேப்பை இழுத்துப் பிடிப்பது, முனையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவது, அங்கிருந்து மறுபடி இழுப்பது. முப்பத்துமூன்று முறை இழுத்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, மேலே ஒரு பத்து. வண்டியில் ஆயிரக்கணக்கான தடவை தாண்டிய தூரத்தை அன்றுதான் முதல் தடவையாகக் குனிந்து நடந்தேன். ஒன்றரை நிமிடத்தில் முடிகிற ஒரு கிலோமீட்டர் இவ்வளவு பெரியதா? முதுகு வலித்தது. ஒவ்வொரு முப்பதிலும் ஒரு புளியமரம், ஒரு மடை, ஒரு எறும்புப் புற்று. எதையுமே நான் பார்த்ததில்லை.

முப்பத்துமூன்றாவது கோடு போட்டுவிட்டு, கடைசிப் பத்து மீட்டரை இழுத்தோம். கல் அங்கே இல்லை. வெகுதூரம் தள்ளி மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. டேப் முனை நின்ற இடத்தில் புல்தான் இருந்தது. மேடம் காலால் புல்லை விலக்கினார். உள்ளே ஒரு சதுரப் பள்ளம். ஓரத்தில் உடைந்த பழைய கான்கிரீட். கல் பிடுங்கப்பட்ட குழி. எங்கள் ஆயிரம் மீட்டர் முடிந்த இடத்துக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர், வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்து இழுத்து, இங்கேதான் என்று குத்திவிட்டுப் போன இடம். அவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவர் தப்பவில்லை. வளைவை நிமிர்த்தியதில் ரோடு ஒரு முழம் குறைந்திருந்தால் அதிகம். நான்தான் வளைவை நிமிர்த்தினார்கள், வானத்தை வளைத்தார்கள் என்று கதை கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குழியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து மஞ்சள் கல்வரை அளந்தோம். இருநூறு மீட்டர் இருந்தது. என் கிலோமீட்டரில் ஆயிரத்து இருநூறு மீட்டர். தொண்ணூறு வினாடியில் ஆயிரத்து இருநூறு மீட்டர் ஓடினால் நிஜ வேகம் நாற்பத்தெட்டு. நான் அதை நாற்பது என்று எழுதி, முள்ளை நாற்பத்தொன்றில் வைத்தேன். அப்படியானால் முள் நாற்பதில் நிற்கும்போது நிஜம்? மனசுக்குள் வகுத்தேன். நாற்பத்தேழு. பாலுவின் போன் சொன்ன அதே நாற்பத்தேழு.

கல்லுக்கு எதிரே உள்ள சந்திலிருந்து ஒரு அம்மாள் வேகமாக வந்தார். பெயர் அஞ்சலை. செஞ்சி மார்க்கெட்டில் கீரை விற்பவர், தலையில் கூடை.

"இன்னா அளக்கறீங்க? ரோட்ட இன்னும் அகலம் பண்ணப் போறீங்களா? எங்க வூடு போயிடுமா?"

"அதெல்லாம் இல்லம்மா. இந்தக் கல்லு எப்படி இங்க வந்துதுன்னு பாக்கறோம்" என்றார் மேடம்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

"நானுதான் வெக்கச் சொன்னேன். ஜேசிபிகாரன் இடிச்சித் தள்ளி பள்ளத்துல கெடந்துது. தூக்கி நட்டுட்டுப் போப்பா, நட்டதுதான் நட்ட, எங்க சந்துகிட்ட நடுன்னேன். பஸ்ஸு கல்லுகிட்டதான் நிப்பான். டெய்லி இந்தக் கூடையத் தூக்கிக்கினு அந்தாண்ட வரைக்கும் நடந்து பாருங்க, தெரியும். கல்லு எங்க இருந்தா உங்களுக்கு இன்னா?"

என்னால் கோபப்பட முடியவில்லை. அவர் கூடைக்காகக் கல்லை நகர்த்தினார், ஒளிக்காமல் சொல்லியும் விட்டார். கல்லை வைத்து ஊரையே அளந்தவன் நான். அளக்காமல் கும்பிட்டவனும் நான்தான். மேடம் பஸ் டிரைவரிடம் தாமே பேசுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்தார். அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னோம், பிறகு கல் பழைய குழிக்கே போயிற்று. பஸ் மட்டும் இன்றுவரை சந்துக்கு எதிரேதான் நிற்கிறது.

அன்று மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் இன்னொரு காரியம் செய்தேன். எங்கள் ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் உள்ள நீண்ட தார்ப்பாதையில், எதற்கென்று சொல்லாமல் மேடத்திடம் வாங்கிய போனை வைத்துக்கொண்டு நிஜ நாற்பதில் வந்து பிரேக் பிடித்தேன், நின்ற இடத்தில் கோடு போட்டேன். பிறகு நாற்பத்தேழில் வந்து அதே இடத்தில் பிடித்தேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் மூன்று வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம். மேஸ்திரியைத் தட்டியது கடைசி இரண்டு முழத்தில். நான் முள்ளைத் தொடாமல் விட்டிருந்தால் பாலு நின்றிருப்பான். மேஸ்திரி அவனை நாலு திட்டுத் திட்டிவிட்டு ரோட்டைக் கடந்திருப்பார்.

அந்தக் கோடுகளுக்கு நடுவே நின்று அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

மேடம் என்னோடு பாலு வீட்டுக்கு வந்தார். சொல்ல வேண்டியதை நான்தான் சொல்ல வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சொன்னேன்.

"என் பொண்டாட்டியே என்ன நம்பலண்ணே. நீ சொன்னேன்னுதான் நம்பல. ஏழுமலண்ணன் வெச்ச முள்ளு தப்பாதாமே, நீதான் வேகமா போயிருப்பன்னு சொல்லிட்டா" என்றான். அதைவிட அவன் என்னை அடித்திருக்கலாம்.

தாளாளரிடம் சொன்னபோது அவர் சட்டென்று ஏற்கவில்லை. பாலுவுக்காக நாங்கள் கதை கட்டுகிறோமோ என்று நினைத்திருப்பார். "வாங்க சார், நீங்களே அளக்கலாம்" என்று மேடம் அவரை ரோட்டுக்கே அழைத்துவந்தார். சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் அழியவில்லை. முடிவில், அந்தக் குழியருகே, என் ஸ்டாப் வாட்ச்சைத் தாளாளர் கையிலேயே கொடுத்தோம். முதல் கல்லருகே மேடம் நின்று, பாலு கல்லைத் தாண்டும்போது போனில் குரல் கொடுத்தார். பாலு அதே வண்டியில், முள்ளை நாற்பதில் வைத்துக்கொண்டு வந்தான். நிஜ நாற்பது என்றால் தொண்ணூறு வினாடி.

எழுபத்தேழு.

"இன்னொரு தடவ" என்றார் தாளாளர். எழுபத்தாறு. இன்னொரு தடவை. எழுபத்தேழு.

இருபது வருடம் இந்த வேலை செய்த எனக்கே மூன்று ஓட்டத்தில் இரண்டு மூன்று வினாடி வித்தியாசம் வரும். பாலுவுக்கு ஒரு வினாடி. தன்னைப் பொய்யன் ஆக்கிய முள்ளை, அது நாற்பது என்று சொன்னதால், நாற்பதிலேயே இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டு வந்தான். மனுஷன் கை அப்படியும் இருக்குமா என்று நான் வாய் பிளந்து பார்த்தேன். தாளாளர் வாட்ச்சை என்னிடம் திருப்பிக் கொடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கக்கிழமை வேன எடுத்துடு பாலு" என்றார். சாவியைச் சட்டைப் பையில் கொண்டுதான் வந்திருந்தார்.

மீதிப் பதினாறு வண்டிகளையும் ஒரே வாரத்தில் தேடிப் பிடித்தோம். கடைசி வண்டி மண்டகப்பட்டில் கிடைத்தது. அதன் சொந்தக்காரர், வண்டி இப்போதெல்லாம் பிய்த்துக்கொண்டு போகிறது, முப்பதிலேயே நாற்பது மாதிரி இருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதற்காக நான் கும்பிடாத சாமி இல்லை.

மேஸ்திரி வீட்டுக்குப் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. போனேன். தோளைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கல்லில் ஆரம்பித்து மூன்று வண்டி இடைவெளிவரை சொன்னேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"ஏழுமல, ரசமட்டம் இருக்குதே, அது சரியான்னு நாங்க எப்படிப் பாப்போம் தெரியுமா? செவுத்துல வெச்சிப் பாத்துட்டு, அதயே திருப்பிப் போட்டுப் பாப்போம். ரெண்டு பக்கமும் குமிழி ஒரே எடத்துல நின்னாதான் மட்டம் சரி. இல்லன்னா மட்டமே கோணல். செவுர மட்டத்தால பாக்கறோம், மட்டத்த எதால பாக்கறது? நீ உன் கல்ல ஒரு தரமாச்சும் திருப்பிப் போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். "அப்பறம் இன்னா கணக்கு" என்று திரும்பிக்கொண்டார். பாலுவைப் பற்றிப் பேசியபோது, "நிதானமா வந்திருந்தா அவனுக்கே தெரிஞ்சிருக்கும். முள்ளு சொல்லணுமா? வேகத்துல வர்றது ஒடம்புக்குத் தெரியாதா?" என்றார். பாலு பழம் வாங்கிக்கொண்டு இரண்டு முறை போய், முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பப்பட்டவன். பையன் அதில் ரொம்பவும் ஒடிந்துபோயிருந்தான். வேலை திரும்பக் கிடைத்தும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மாதா மாதம் முதல் திங்கட்கிழமை டேப் பிடித்து அளக்காமல் நான் ஒரு முள்ளையும் தொட்டதில்லை. மேடத்தின் கட்டளை அல்ல, மேஸ்திரியின் கேள்வி.

எலும்பு கூடி மூன்று மாதம் ஆனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியே ஒர்க் ஷாப் வாசலுக்கு வந்து நின்றார். எடுத்த எடுப்பில், "என்ன ஏத்திக்கினு போ" என்றார். "அந்த ரெண்டு வேகத்தயும் நானு பாக்கணும். எது எதுன்னு சொல்லாத. நானே சொல்றேன்."

கோட்டை தாண்டிப் போனோம். பின்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஒரு கை என் தோளில். அளந்துவைத்த அந்த ஒரு கிலோமீட்டரை ஒரு தடவை நிஜ நாற்பதில் ஓட்டினேன். திரும்பி வந்து, அதே பக்கமாக, நாற்பத்தேழில் ஓட்டினேன். நிறுத்தினேன். கல் அதன் பழைய குழியில் நின்றிருந்தது. மஞ்சள் மழையில் போய்விட்டிருந்தது.

"மொதல்ல வந்தது வேகம்" என்றார் மேஸ்திரி.

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டினேன். இந்தத் தடவை நெடுநேரம் யோசித்தார். சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் கண்ணால் சொல்லிவிடுகிற மனிதர்.

"தெரியல ஏழுமல" என்றார் கடைசியில். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது." கை தானாகப் போய்க் தோளோரம் மேடாக ஒட்டியிருந்த எலும்பைத் தடவியது. "இதுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்குது. எனக்கே தெரியல, அந்தப் புள்ளைக்கு எப்படிடா தெரியும்?"

இருபது வருடம் முள்ளோடு வாழ்ந்தும் நான் இப்படி யோசித்ததில்லை. மூன்று வண்டி நீளம், ஒரு எலும்பு, ஒருவனின் பேர், எல்லாம் அந்த ஏழில் அடங்கியிருக்கிறது. அந்த ஏழு எந்த மனிதனின் உடம்புக்கும் தெரியாது. காந்தமும் கிண்ணமும் தொடாமல் பேசிக்கொள்கிற அந்தச் சின்ன டப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மேஸ்திரி வண்டியில் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"வுடு, தொண்டூருக்கு. அவன பாக்கணும்."

வண்டியைக் கிளப்பினேன். தோளில் அடிபட்டவர் பின்னால் இருக்கிறார்.

"எவ்வளவுல போவட்டும் மேஸ்திரி?"

"உன் முள்ளு நாப்பதுன்னு சொல்லும் பாரு, அதுல போ" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.